எங்கள் முதல் சபை: கூலிம் தோட்டங்கள், அன்றும் இன்றும்

கேட்டோ என்ற ரோமானியர் கி.மு. 160 வாக்கில் பண்ணை நடத்துவது பற்றி லத்தீனில் ஒரு கையேடு எழுதினார். முதலாளி நகரத்தில் இருப்பார். பண்ணையைக் கவனிக்க ஒரு மேற்பார்வையாளன் இருப்பான். அவனும் அடிமைதான். எல்லாருக்கும் முன்னால் அவன் எழுந்திருக்க வேண்டும், எல்லாரும் படுத்த பிறகுதான் படுக்க வேண்டும். முதலாளி சொல்லாமல் யாருக்கும் கடன் கொடுக்கக்கூடாது. குறி சொல்கிறவர்களிடம் போகக்கூடாது. முச்சந்தியிலோ அடுப்படியிலோ நடக்கும் கொம்பித்தாலியா திருவிழாவைத் தவிர, முதலாளி உத்தரவில்லாமல் எந்தச் சாமிக்கும் படையல் போடக்கூடாது. வயலில் உழைப்பவனுக்குக் குளிர்காலத்தில் மாதம் நான்கு மோடியஸ் கோதுமை, கோடையில் நாலரை. ஓராண்டு விட்டு ஓராண்டு ஒரு சட்டையும் ஒரு போர்வையும். கிழடு தட்டிய அடிமையையும் நோயில் விழுந்த அடிமையையும் பழைய வண்டியோடும் பழைய இரும்போடும் சேர்த்து விற்றுவிடச் சொல்கிறார் கேட்டோ.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். இதைப் படித்தபோது எங்கள் தோட்டத்தில் விடியலுக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம்தான் கண்முன் வந்தது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: எங்கள் தாத்தா பாட்டிமார் அடிமைகள் அல்லர். ஒப்பந்தக் கூலி முறையை 1910-ல் ஒழித்தார்கள். அதன் பிறகு ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த ஆள்கள் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று சட்டம் இருந்தது. ரோமானிய அடிமைக்கு அந்த வழி கிடையாது. சட்டத்தில் திறந்திருந்த வழியைக் கங்காணியின் கடன் நோட்டு அடைத்து வைத்திருந்தது என்பதும் உண்மைதான்.

ரோமைக் கொண்டுவந்து கூலிம் பக்கத்தில் நிறுத்துவது வலிந்து செய்கிற வேலை இல்லை. கெடாவின் பழங்கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரும், அதாவது ரோம் என்று சொல்லப்படும் நாட்டு இளவரசனுக்குச் சீன இளவரசியை மணமுடிக்க அழைத்துப் போன மேரோங் மகாவங்சா, வழியில் கருடனின் தாக்குதலில் சிக்கிக் கரையொதுங்கி, இந்த மண்ணில் அரசு அமைத்தான் என்கிறது ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா. கிரேக்க நிலநூல் அறிஞர் தாலமி நம் தீபகற்பத்தைப் பொன் தீபகற்பம் என்றே குறித்து வைத்தார்.

அரசியல், சமயம், அன்றாட வாழ்க்கை என்று இன்று மூன்றாகப் பிரித்துப் பேசப் பழகிவிட்டோம். பழைய ரோமில் அப்படிப் பிரிக்க முடியாது. பழைய தோட்டத்திலும் முடியாது. சோறு போட்டவன், சட்டம் சொன்னவன், சாமிக்கு முதல் மாலை வாங்கியவன் எல்லாரும் ஒரே நாலு சதுர மைலுக்குள் இருந்தார்கள்.

தோட்டத்தின் நாள் இருட்டில் தொடங்கும். பெண்கள் நாலு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டிவிடுவார்கள். சோறு பொங்கி, தூக்குச் சட்டியில் கட்டி, தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயா கொட்டகையில் விட்டுவிட்டு, ஐந்து மணி வாக்கில் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். தாமதமாக வந்தால் திருப்பி அனுப்புவார்கள். மழை கொட்டினால் வேலை இல்லை, பேரும் இல்லை. மாதக் கடைசியில் ஒரு வீட்டின் நிலைமை எத்தனை பேர் விழுந்தது என்ற கணக்கில்தான் இருந்தது.

இத்தனை அவசரம் ரப்பர் மரத்தால் வந்தது. பால் குழாய்களின் உள்ளழுத்தம் விடியலுக்கு முந்திய குளிரில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும். ஆகவே வெட்டுகிறவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவுக்குப் புகையும் திரியைத் தொங்கவிட்டுக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓடுவார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சாய்வான வெட்டு. மேல்பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்துவார். ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். வெட்டி முடித்து மூச்சு வாங்கிவிட்டு, முதல் மரத்திலிருந்து பால் வடிந்த மங்குகளைக் கவிழ்த்துப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். அங்கே நிறுப்பார்கள், பாலில் தண்ணீர் எவ்வளவு ரப்பர் எவ்வளவு என்று அளப்பார்கள். அந்த அளவுகோலைப் படிக்கத் தெரிந்தவர் கிராணி ஒருவர்தான். அவர் சொன்னதுதான் கணக்கு.

இந்த அன்றாடத்துக்குள்தான் அரசியல் இருந்தது. மேலே தோட்ட நிர்வாகியான துரை. அவருடைய பங்களா மேட்டின் உச்சியில் இருக்கும். தமிழ் பேசுவார், பெரும்பாலும் ஏவல் வினைகள் மட்டும். அவருக்குக் கீழே கிராணிமார், மண்டோர்கள், கங்காணிகள். தன் ஆள்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு வந்தார்களோ அந்தக் கணக்குக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே காய்ச்சலில் படுத்தவனை எழுப்பிக் கொண்டுவருவதில் அவருக்கு லாபம். அதே கங்காணிதான் பெண் பார்க்கவும் பஞ்சாயத்து பேசவும் சாவுக்கு முன்நிற்கவும் வருவார். பால் நன்றாக ஊறும் இளமர நிரை யாருக்கு, மலைச்சரிவில் கிழட்டு மரங்கள் யாருக்கு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஓரவீடு யாருக்கு என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்லில் நடந்தது. வாக்குச்சீட்டைப் பார்க்கும் முன்பே எங்கள் ஆள்கள் அதிகாரம் என்றால் என்ன என்பதை நிரை பங்கிடும் காலைகளில் கற்றுக்கொண்டார்கள்.

அந்த அதிகாரம் தளர்ந்து நின்ற ஒரே இடம் கோயில்.

லயத்துக்கு அருகில் மாரியம்மன். எல்லையில், பெரிய மரத்தடியில், கல்லும் சூலமுமாக முனீஸ்வரன். சில தோட்டங்களில் மதுரை வீரன், காளி. ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்ததாகப் பெரியவர்கள் சொல்லும் கோயில்கள் பல. கட்டட மரமும் தகரமும் தோட்ட நிர்வாகம் கொடுத்ததாக இருக்கலாம். பூசைக்கும் திருவிழாவுக்கும் ஆன செலவு தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் செக்ரோலிலேயே பிடிக்கப்பட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு நிர்வாகம் வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர். கணக்கு நோட்டு. ஆண்டுக்கு ஒரு கூட்டம், கூட்டத்தில் சண்டை. உருமிமேளக்காரர் எத்தனை பேர், தீமிதி எந்த நாள், அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்று தொழிலாளர்கள் தாங்களே உட்கார்ந்து பேசி முடிவு எடுத்த இடம் தோட்டத்தில் அது ஒன்றுதான். எங்கள் முதல் சபை அதுவே. திருவிழா அன்று துரை குடும்பத்தோடு வருவார், செருப்பைக் கழற்றுவார், பரிவட்டம் கட்டுவார்கள், மாலை போடுவார்கள். பெரட்டுக் களத்தில் அவர் முன் நிமிராத மனிதர் அன்றைக்கு அம்மன் ஏறி ஆடி, அவருக்கு நேருக்கு நேர் நின்று குறி சொல்வார், துரையும் தலை குனிந்து கேட்டுக்கொள்வார். மறுநாள் காலை பெரட்டில் பழையபடி.

கொம்பித்தாலியாவும் இப்படித்தான். வழி கூடும் முச்சந்தியில் குட்டிக் கோயில், அதில் காவல் தெய்வங்கள். முந்திய இரவு ஒவ்வொரு வீட்டுக்காரரும் வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளிப் பொம்மையும் அடிமை ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளிப் பந்தும் தொங்கவிடுவார்கள். பூசைக்குத் துணை நிற்பவர்கள் அடிமைகள். அந்த நாள்களில் அவர்கள்மீது அடிமைத்தனத்தின் அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி என்று திவோனிசியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அந்தக் கூட்டங்களைப் பார்த்து ரோம ஆட்சியாளர்கள் பயந்தார்கள். கி.மு. 64-ல் செனட் சபை அத்தகைய சங்கங்களைத் தடை செய்தது. ஆறாண்டு கழித்து குளோதியஸ் என்ற அரசியல்வாதி அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து தன் பலமாக்கிக்கொண்டார். கடைசியில் பேரரசர் அகஸ்டஸ் முச்சந்திக் கோயில்களை வட்டார நிர்வாகத்தோடு இணைத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சாமி கும்பிடக் கூடுகிற ஏழைகள் அடுத்து என்ன பேசுவார்கள் என்பது ஆள்கிறவர்களுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது.

எங்கள் கோயில் சபையை நான் புகழ்கிறேன் என்பதற்காக அதன் கறையை மறைக்க மாட்டேன். சாதி கப்பலில் கூடவே வந்தது. லயங்களை அதன்படிப் பிரித்தார்கள். பறையடிக்க ஒரு சாதி வேண்டும், அந்தச் சாதிக்காரர் கோயில் படியேறக்கூடாது என்ற கொடுமையைத் தோட்டத்திலும் நடத்தினார்கள். முதல் மரியாதை கங்காணி குடும்பத்துக்கு. மரம் வெட்டியதில் பாதிக்கு மேல் பெண் கை இருந்திருக்கும். நிர்வாகக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. ஏதென்ஸ் நகரத்தின் புகழ்பெற்ற மக்கள் சபையிலும் பெண்ணுக்கு இடமில்லை, அடிமைக்கு இடமில்லை. அது நமக்குச் சமாதானம் ஆகாது.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1942-43-ல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதையின் ஓரத்தில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களில் கெடாக்காரர்கள் நிறைய. கோ. புண்ணியவான் அந்த மரணங்களைக் 'கையறு' நாவலில் எழுதியிருக்கிறார். திரும்பி வந்தவர்களும், நேதாஜியின் படையில் துப்பாக்கி பிடித்தவர்களும் பழைய மாதிரி சலாம் போடத் தயாராக இல்லை. 1946-ல் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடையை மூடு, சுத்தமாக இரு, பிள்ளையைப் படிக்க வை என்பதுதான் தொடக்கம். இளைஞர்கள் சீருடை போட்டு அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போகும் காசு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டவுடன் அது கூலிப் போராட்டமாக மாறியது. 1947-ல் கெடாத் தோட்டங்கள் வரிசையாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. பீடோங்கில் போலீசோடு மோதல். கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளியின் உயிர் போயிற்று. மறு ஆண்டு அவசரகாலச் சட்டம் வந்து எல்லாவற்றையும் அடக்கியது. டப்ளின் தோட்டத்துப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சாவு தெரியும்? நம் பிள்ளைகள் பாடத்தில் பழைய ரோமின் எளிய மக்களான பிளேபியர்களின் வேலைநிறுத்தம் வரலாம். பக்கத்துத் தோட்டத்து வேலைநிறுத்தம் வரவில்லை.

கள்ளின் கதை அதோடு முடியவில்லை. 1981-ல் கூலிம் வட்டாரத்து லூனாஸில் சம்சு என்ற நச்சுச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். லூனாஸ்காரரான ம. நவீன் அதை மையமாக வைத்து 2019-ல் எழுதிய 'பேய்ச்சி' நாவலை மறு ஆண்டே உள்துறை அமைச்சு தடை செய்தது.

1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரட்டுக் களத்தில் கிராணியின் குரல் மட்டுமே கேட்ட காலம் போய், சங்கத் தலைவர் நோட்டைத் திறந்து எதிர்க்கணக்குச் சொல்லும் காலம் வந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி விற்றார்கள். குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். தலைகுனிந்து நின்ற கூலி தோட்டத்தில் பங்குதாரர் ஆனது நம் வரலாற்றில் சின்ன விஷயமில்லை. அதே வேகத்தில் இன்னும் நூறு தோட்டங்களை வாங்கியிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் இருக்கிறது.

இன்னொரு காயம் குடியுரிமை. ஏதென்ஸில் வந்தேறிகளுக்கென்று ஒரு தனி நிலை வைத்திருந்தார்கள். அவர்கள் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும், போருக்குப் போக வேண்டும், தங்களுக்காகப் பேச ஒரு குடிமகனைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டு இல்லை, நிலம் வாங்க உரிமை இல்லை. கி.மு. 451-ல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாயும் தகப்பனும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. அரசியலைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன அரிஸ்டாட்டில் அந்நகரத்தில் வந்தேறியாகவே வாழ்ந்தார். எங்கள் தோட்டங்களில் நாற்பது ஆண்டு மரம் வெட்டியும் குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு ஐசியோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா சமயத்தில் பாரம் நிரப்பிப் பதிந்திருந்தால் குடியுரிமை கிடைத்திருக்கும். படிக்கத் தெரியாது, சொல்லித்தர ஆள் இல்லை, ஒருநாள் பேர் போய்விடும் என்ற பயம். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் ஆயிரக்கணக்கானவர்கள் பிறந்த பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் அழுத அழுகையை எங்கள் லயத்துப் பாட்டிமார் ஒப்பாரி மாதிரியே சொல்வார்கள்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அந்தக் குறைந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள். 1996-ல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா. அதே ஆண்டு பட்டர்வொர்த்-கூலிம் விரைவுச்சாலையும் வந்தது. இன்டெல், இன்ஃபினியோன், சில்டெரா, ஃபர்ஸ்ட் சோலார் என்று பலகைகள். 2024 ஆகஸ்டில் இன்ஃபினியோன் இங்கே திறந்த சிலிக்கன் கார்பைடு ஆலையில் செய்யும் சில்லுகள் உலகத்து மின்கார்களுக்குள் போகின்றன. ரப்பர் காலத்திலும் நம் உழைப்பு டயராகி உலகத்துக் கார்களில்தான் ஓடியது.

பெரட்டில் பேர் கூப்பிட்ட காலம் போய், இன்று அட்டை தட்டுகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவும் பகலும் மாறி மாறி. பேருந்து வந்து தாமான் குடியிருப்பின் வாசலில் நிற்கும். வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு கிளீன் ரூமுக்குள் போகிறவர்களில் யார் தமிழர், யார் மலாய்க்காரர், யார் நேப்பாளி என்று கண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சாதி கேட்டு வேலை பிரிக்கிற மண்டோர் அங்கே இல்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஏஜென்ட் மூலம் வேலைக்கு எடுத்து, ஆறு மாதம் கழித்து நிறுத்தி, மறுபடி எடுக்கிற பழக்கம் வந்திருக்கிறது. தலைக்காசு வாங்கிய கங்காணி வேறு சட்டையில் திரும்பி வந்திருக்கிறார் என்றே அதைச் சொல்வேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பிள்ளையின் டியூஷன் என்று கழித்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். தோட்டத்தில் சம்பளம் குறைவு. வீடும் தண்ணீரும் ஆயா கொட்டகையும் அதோடு சேர்ந்திருந்தன. அவையெல்லாம் இன்று காசு.

மாற்றத்தில் மிகப் பெரியது பெண்ணுடைய வாழ்க்கைதான் என்பது என் முடிவு. 1972-ல் பினாங்கின் பாயான் லெப்பாசில் மின்னணு ஆலைகள் வந்தன, பிறகு பிறையில் ஆலைகள் பெருகின. தோட்டத்துச் சாலை முனையில் ஆலைப் பேருந்து வந்து நின்ற அன்றே லயத்தின் பழைய ஒழுங்கு ஆட்டம் கண்டது. மரம் வெட்டிய அம்மாவின் சம்பளம் அப்பாவின் பேரோடு சேர்ந்து, கடைக்கணக்கில் கழிந்து போனது. ஆலைக்குப் போன மகளின் சம்பளம் அவள் பேரில் வங்கியில் விழுந்தது. அவள் தம்பியைப் படிக்க வைத்தாள், தாமானில் வீட்டுக்கு முன்பணம் கட்டினாள், தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளச் சண்டை போட்டாள். கூலிமில் இன்று சொந்த வீட்டில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் அடித்தளம் அந்த அக்காமார் போட்டது. அவர்களுக்கு ஒரு பாராட்டு விழாகூட யாரும் எடுத்ததில்லை.

சமயமும் இடம் மாறிவிட்டது. தாமானுக்கு வந்தவர்கள் தெருவுக்கு ஒரு பூசை, ஊருக்கு ஒரு பெரிய கோயில் என்று ஒழுங்கு செய்துகொண்டார்கள். கோபுரம் உயரமாக இருக்கிறது, அர்ச்சனைக்கு ரசீது உண்டு, தைப்பூசத்தில் காவடிகள் நிறைய. ஆனால் தோட்டத்து மாரியம்மன் செம்பனைக் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கிறாள். திருவிழாவுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் ஜோகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார் எடுத்து வருகின்றன. மற்ற நாள்களில் விளக்கு போடக்கூட ஆள் இல்லாத கோயில்கள் இருக்கின்றன. நிலம் கம்பெனியுடையது. கம்பெனி விற்றால் வாங்கியவர் தயவு. அறுபது எழுபது ஆண்டுப் பூசை நடந்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் இடிபடுவதும், சாலையோரம் பெயர்வதும் நாடு முழுக்க நடந்திருக்கிறது. 2021-ல் கெடா மாநில அரசு தைப்பூசத்துக்கு விடுமுறை இல்லை என்று அறிவித்தபோது மனம் நொந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் விடுமுறைக்குப் போட்ட சத்தத்தில் பாதியையாவது நிலப்பட்டாவுக்குப் போட்டிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

ஓட்டு இன்று நம் கையில் இருக்கிறது. அதற்குக் கனமும் இருக்கிறது. ஆளுங்கூட்டணியின் மலேசிய இந்திய காங்கிரஸ் (மஇகா) நின்று வென்றுவந்த லூனாஸ் சட்டமன்றத் தொகுதி 2000 நவம்பர் இடைத்தேர்தலில் 530 வாக்கு வித்தியாசத்தில் எதிர்க்கட்சிக்குப் போனது. அதனால் கெடா சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியின் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை உடைந்தது. இந்தியர் உரிமை கேட்ட 2007 நவம்பர் 25-ன் ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு, 2008, 2013, 2018 மூன்று பொதுத்தேர்தலிலும் பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதியில் கெஅடிலான் கட்சியின் இந்திய வேட்பாளர்கள் வென்றார்கள். 2022-ல் வேட்பாளராக நின்ற எம். கருப்பையா வாக்களிப்புக்குச் சில நாள் முன்பு காலமாகிவிட, தேர்தல் டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது. பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி வென்றது.

தேர்தல் வந்தால் கோயிலுக்குக் காசோலையும் வரும். பொம்பேயி நகரம் கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தபோது சுவர்களில் தேர்தல் எழுத்துகள் அப்படியே நின்றுவிட்டன. பழக்கடைக்காரர்கள் சேர்ந்து இன்னாரை ஆதரிக்கிறார்கள், ஐசிஸ் தெய்வத்தின் பக்தர்கள் அனைவரும் இன்னாருக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. பக்தர்கள் கூடி ஓட்டுக் கேட்பதில் தவறில்லை; கேட்டதற்குப் பதிலாக என்ன வாங்கினார்கள் என்பதே கேள்வி. கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி, ஓர் ஆண்டுத் திருவிழாச் செலவு என்று வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற நிர்வாகங்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. நிலத்தைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் நாற்காலியைக் கேட்கிறோம்.

நிலத்தை ஏன் இப்படி வலியுறுத்துகிறேன் என்பதற்குச் சான்று கூலிமுக்கு வடக்கே ஜெராய் மலையடியில் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கு, சோழர் மெய்க்கீர்த்தி சொல்லும் கடாரம். ராஜேந்திரன் 1025-ல் படையெடுத்து வந்தது இந்த நாட்டின்மீது. அதற்கு இருபது ஆண்டு முன்னால் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தான், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான், மகன் ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் எழுதி வைத்தான். எழுதி வைத்ததால் அந்தச் செய்தி லெய்டன் செப்பேடு என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. புத்தகுப்தன் என்ற மாலுமி கடற்பயணம் நலமாக முடியக் கல்லில் எழுதினான். 1834-ல் ஜேம்ஸ் லோ அதைக் கண்டெடுத்தார், அவன் பெயர் நமக்குத் தெரியும். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறது, ஊதுகுழல்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அந்த உலையில் வெந்தவர்களில் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை. 2013-ல் அதே வட்டாரத்தில் பதினோராம் எண் சண்டி என்ற பழங்கோயிலை ஒரு வீட்டுமனை நிறுவனம் புல்டோசரால் இடித்துத் தள்ளியது. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய கோயில். தனியார் நிலம், அரசிதழில் பதிவில்லை. இடித்தவர்மேல் சட்டத்தின் பிடி இறுகவில்லை. ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கே அந்தக் கதி என்றால், 1920-களில் நம் பாட்டன் நட்ட சூலத்துக்கு யார் காவல்?

கூலிம், லூனாஸ், பாடாங் செராய், காராங்கான் பக்கத்து வாசகர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் குடும்பம் வளர்ந்த தோட்டத்தில் இன்னும் கோயில் நிற்கிறது என்றால், இந்த ஆண்டே அதன் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் பாருங்கள். நிர்வாகம் சங்கப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பதியுங்கள். சுடுகாட்டுக்கும் இதுவேதான். ஆலையில் மேற்பார்வையாளராக, பொறியாளராக, கணக்காளராக இருக்கும் தங்கைமாரே, தம்பிமாரே, கோயில் நிர்வாகத்தில் பொறுப்புக்கு வாருங்கள். அரைப்பங்கு இடம் பெண்களுக்கு என்று தீர்மானம் போடுங்கள். ஹென்ரியட்டா, விக்டோரியா, டப்ளின், புக்கிட் செலாரோங், ஆனாக் கூலிம், பாடாங் மெய்ஹா என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிப் பலகைகளில்தான் மிஞ்சியிருக்கின்றன; பிள்ளைகளை அங்கே சேருங்கள். வீட்டில் பழைய செக்ரோல் துண்டோ, திருவிழா நோட்டீசோ, சங்க ரசீதோ, பெரட்டில் எடுத்த படமோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். எண்பது வயதைத் தாண்டிய மரம்வெட்டிய அம்மாமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். அவர்கள் பெயரையும் அவர்கள் வெட்டிய நிரையையும் கோயிலுக்குக் கொடுத்த காசையும் கேட்டுப் பதிவு செய்து, எழுதி, பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.